மதியம் ஒன்றே முக்காலுக்கு

அன்புள்ள கயல்,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. மாடிப்படி மட்டும் அதிகம் ஏற வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். குட்டிக்கு நெற்றியில் ஒரு முத்தம்.

புதன்கிழமை ராத்திரி நீ போனில் பேசியது மனதை விட்டுப் போகவில்லை. "அவர் காலையில ஏழரைக்குப் போனா சாயங்காலம் ஆறரைக்குத்தாம்பா வர்றாரு. நடுவுல பெரியவங்க குரல் ஒண்ணுகூட காதுல விழுறதில்ல. நாலு மணிக்கெல்லாம் இருட்டிடுது. மதியம் சோத்தத் தட்டுல போட்டா அது ஆறிப் போறவரைக்கும் இவ தூங்க மாட்டேங்குறா" என்றாய். அப்புறம் சட்டென்று பேச்சை மாற்றி, ராத்திரி ஏழு மணிக்கு ரேடியோவைத் திருப்பினால் ஏதோ ஒரு நாடகம் வருகிறது, பால் விலையும் பசு மாடும் பக்கத்து வீட்டுச் சண்டையுமாக ஓடுகிறது, அது என்ன என்று கேட்டாய். அம்மா போனை வாங்கிக்கொண்டதால் அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போனில் சொல்லி முடிகிற பதிலும் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டது 'தி ஆர்ச்சர்ஸ்'. நீ இருக்கும் பர்மிங்காமில் பிறந்த நாடகம்தான். 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க ஒலிபரப்பாகி வருகிறது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், அது முளைத்த காலத்தில் அந்த ஊர் ரேடியோவில் ஒரு முழு நாள் எப்படி ஓடியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்பாய். 1978-ல் நான் திருச்சி வானொலி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஷிப்டுக்கு மூத்தவராக ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி அவருக்கு. 1952-ல் பயிற்சிக்காக லண்டனுக்குப் போய் சில மாதம் இருந்து வந்தவர். ராத்திரி ஒலிபரப்பு முடிந்ததும் ஃபிளாஸ்க்கில் இருக்கும் டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டுப் பேச ஆரம்பிப்பார். அவர் சொன்னதில் பாதி கருவிகளைப் பற்றி. மீதி, தெற்கு லண்டனில் தான் தங்கியிருந்த வீட்டின் சமையலறையைப் பற்றி.

அந்த வருஷம் டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை, லண்டன் மேல் புகைமூட்டம் இறங்கியது. காற்று அசையவில்லை. குளிருக்காக வீட்டுக்கு வீடு எரித்த நிலக்கரிப் புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே தங்கிவிட்டது. நீட்டிய கை தெரியாது என்பார். பஸ்கள் நின்றன. ஒரு நாடக அரங்கின் உள்ளேயே புகை புகுந்து, இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். 9-ஆம் தேதி வரை அப்படியே இருந்தது. 4,000 பேர் இறந்ததாக அன்றைக்குக் கணக்குச் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் 12,000 வரை இருக்கும் என்கிறார்கள். பெரியவரால் பயிற்சிக்குப் போக முடியவில்லை. அவர் அறையில் கணப்பு இல்லை. வீட்டுக்காரம்மா, போரில் கணவனை இழந்தவர், அவரைக் கூப்பிட்டுச் சமையலறை அடுப்புப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அதுவரை இருவரும் 'குட் மார்னிங்' தவிர வேறு பேசியதில்லை. இவருக்கு அந்த அம்மாவின் உச்சரிப்பு புரியாது. அந்த அம்மாவுக்கு இவரிடம் என்ன பேசுவதென்று தெரியாது. அலமாரியில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. சூடாகிக் குரல் வர அரை நிமிடம் பிடிக்கும். அந்தத் திங்கட்கிழமை காலையிலிருந்து ராத்திரி வரை அதைக் கேட்டபடியே உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குப் பிபிசியில் மூன்று ஒலிபரப்புகள் இருந்தன. போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் வந்தது ஹோம் சர்வீஸ். செய்தி, பள்ளிப் பாடம், நாடகம், சொற்பொழிவு எல்லாம் அதில். 1945 ஜூலையில் லைட் புரோகிராம். பாட்டும் சிரிப்பும் தொடர்கதையும். 1946 செப்டம்பரில் தேர்ட் புரோகிராம். அது சாயங்காலம் மட்டும், கனமான விஷயங்களுக்கு. வில்லியம் ஹேலி என்பவர் 1944 முதல் 1952 வரை தலைமை இயக்குநராக இருந்தார். இதை ஒரு கோபுரம் மாதிரி அவர் நினைத்தார். அடித்தளத்தில் லைட், நடுவில் ஹோம், உச்சியில் தேர்ட். கேட்கிறவர்கள் வருஷங்கள் போகப் போக ஒவ்வொரு படியாக ஏறி வருவார்கள் என்பது அவர் நம்பிக்கை. பெரும்பாலோர் ஏறவில்லை. லைட் கேட்டவர்கள் லைட்டே கேட்டார்கள். ஆனால் ஹேலி எதிர்பார்த்ததை விடப் பெரிய விஷயம் ஒன்று அந்தந்த ஒலிபரப்புக்கு உள்ளேயே நடந்துகொண்டிருந்தது என்று நான் நினைக்கிறேன். அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன்.

விளம்பரம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு பவுண்டு உரிமக் கட்டணம், அவ்வளவுதான். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டின. வீட்டுக்காரம்மா வாரா வாரம் 'ரேடியோ டைம்ஸ்' வாங்கி, கேட்க வேண்டியதைப் பென்சிலால் குறித்து வைப்பாராம். அவர் குறிக்காததும் நடுநடுவே வந்துகொண்டுதான் இருக்கும். ரேடியோவை நிறுத்தினால் மறுபடி சூடாக வேண்டுமே, அதனால் அப்படியே ஓட விட்டுவிடுவார்.

காலை எட்டு மணிச் செய்திக்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒரு ஆறுதல் பேச்சு. அப்புறம் ஆறு 'பிப்' ஒலி. கிரீன்விச் நேரக் குறிப்பு அது, 1924-லிருந்து வருகிறது. ஒன்பது மணிக்கு மேல் லைட்டில் 'ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்', இல்லத்தரசிகள் எழுதிக் கேட்ட பாட்டுகள். நம் நேயர் விருப்பத்தின் அக்கா என்று வைத்துக்கொள். தபால் அட்டையில் வந்த பெயர்களைப் படிக்கும்போது வீட்டுக்காரம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்பாராம். தன் பெயர் வருமா என்று இல்லை. யார் யாருக்காகப் பாட்டு கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள.

பத்தரைக்கு 'மியூசிக் வைல் யூ வொர்க்'. இதைப் பற்றிப் பேசினால் பெரியவர் நிறுத்த மாட்டார். எனக்கும் இதில் தனி ஆசை. 1940 ஜூனில், போர் மும்முரமாக நடந்தபோது, ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்காகத் தொடங்கியது. முற்பகலிலும் பிற்பகலிலும் கை ஓய்ந்து வேலை தளரும் ஒரு நேரம் உண்டல்லவா, அந்த இரண்டு நேரத்திலும் அரை மணி நேரம் வாத்திய இசை. ராத்திரி ஷிப்டுக்குக்கூடப் போர்க்காலத்தில் ஒன்று இருந்தது. இசை என்றால் நம் இஷ்டத்துக்கு வாசிக்கிற இசை இல்லை. இயந்திரச் சத்தத்துக்கு மேல் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும். அதனால் மெல்லிய இடம், உரத்த இடம் என்று ஏறி இறங்கக் கூடாது. ஒரே மட்டத்தில் போக வேண்டும். தாளம் திடீரென்று மாறக் கூடாது. தூக்கம் வரவைக்கும் மெதுவான நடைக்கு இடமில்லை. அடித்து முழக்கும் டிரம் கூடாது. நடுவில் கைதட்டும் இடம் வருகிற ஒரு அமெரிக்கப் பாட்டையே விலக்கி வைத்தார்கள். ஏன் தெரியுமா? அந்த இடம் வரும்போது தொழிலாளர்கள் கையில் இருந்த கருவியால் இயந்திரத்தின் மேலேயே தட்டத் தொடங்கிவிடுவார்கள்!

ஒரு பொறியாளனாக இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கேட்கிறவனின் கை என்ன செய்துகொண்டிருக்கும் என்பதுவரை யோசித்து ஒலியின் மட்டத்தைத் தீர்மானித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் கட்டுப்பாட்டு அறையில் உட்காரும்போதெல்லாம், அந்தப் பக்கம் ஒருத்தி மாவாட்டிக்கொண்டிருப்பாள், ஒருவர் முகம் மழித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் ஒலி மட்டம் காட்டும் முள்ளைப் பார்த்தேன்.

வீட்டுக்காரம்மா போர்க்காலத்தில் தொழிற்சாலைக்குப் போனவராம். அந்த முகப்பு இசை வந்ததும் கை தானாக வேகம் பிடிக்கும். அன்று அந்த அரை மணி நேரத்தில் மொத்த உருளைக்கிழங்கும் உரித்தாகிவிட்டது.

பதினொரு மணிக்கு லைட்டில் 'மிஸஸ் டேல்ஸ் டயரி' மறு ஒலிபரப்பு உண்டு. ஒரு டாக்டரின் மனைவி நாட்குறிப்பு எழுதுவது போன்ற தொடர். 1948-ல் தொடங்கியது. கணவர் ஜிம்மைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே இருப்பார் அந்த அம்மாள். ஆனால் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வீட்டுக்காரம்மா குமிழைத் திருப்பி ஹோம் சர்வீஸுக்குப் போய்விடுவார். அங்கே பள்ளி ஒலிபரப்பில் 'சிங்கிங் டுகெதர்'. நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் ரேடியோ முன்னால் உட்கார்ந்து சேர்ந்து பாடுவார்கள். நாட்டுப்புறப் பாட்டு, கப்பல்காரர் பாட்டு, இப்படி. ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண்மணி அடுப்படியில் நின்று, கண்ணுக்குத் தெரியாத பத்து வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து குரலெடுத்துப் பாடினார். பெரியவருக்கு முதலில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மூன்றாவது பாட்டில் அந்த அம்மா கரண்டியால் இவரைப் பார்த்துச் சைகை காட்டினார். இவரும் பாடினார். "தியாகய்யர் கீர்த்தனை தவிர வேற எதையும் பாடாத வாய்டா இது" என்று சொல்லும்போது பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பாட்டு அந்த அம்மாவுக்காக ஒலிபரப்பானது இல்லை. இன்றைக்கு நமக்குக் கிடைப்பதெல்லாம் நமக்கென்றே அளந்து வருகிறது. நேற்று கேட்டதைப் போலவே இன்றும் ஒன்று வரும். அடுத்தவர்களுக்கென்று வைத்த சாப்பாட்டின் மணம் நம் வீட்டுக்குள் வர வழியே இல்லை. அப்படி இருக்கும்போது ஒரு ஆள் எத்தனை பாட்டு கேட்டாலும் வீட்டில் தான் ஒருவர் மட்டும்தான் இருக்கிறோம் என்ற நினைப்புப் போகாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வாரத்தில் சில நாள் மதியம் 'வொர்க்கர்ஸ் பிளேடைம்'. ஏதோ ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து நேரடியாகப் பாட்டும் நகைச்சுவையும். 1941-ல் தொடங்கியது, எதிரிக்குத் தெரியக் கூடாதென்று போர் முடியும்வரை எந்த ஊர், எந்த ஆலை என்று சொல்ல மாட்டார்கள். பெரியவர் அதில் கேட்டது பாட்டை இல்லை, பின்னால் வந்த தட்டு, கரண்டிச் சத்தத்தை. நூற்றுக்கணக்கான பேரோடு பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது என்றார்.

கயல், இனி வரும் இடம் உனக்காக.

மதியம் 1:45-க்கு லைட்டில் பதினைந்து நிமிடம் 'லிசன் வித் மதர்'. 1950 ஜனவரி 16-ல் ஆரம்பித்தது. பள்ளிக்குப் போகாத, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் அவர்களோடு வீட்டில் அடைந்து கிடக்கும் அம்மாவுக்கும். முதலில் பிரெஞ்சு இசைமேதை ஃபோரே ஒரு குழந்தைக்காக எழுதிய தாலாட்டு, பியானோவில். அப்புறம் ஒரு பெண் குரல், "வசதியாக உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் ஆரம்பிக்கிறேன்" என்று கேட்கும். முதல் நாளில் ஜூலியா லாங் என்ற அறிவிப்பாளர் வாயில் தற்செயலாக வந்த வார்த்தை அது. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போய் அதுவே நிலைத்துவிட்டது. கேள்வி கேட்ட பிறகு கொஞ்சம் இடைவெளி விடுவார்களாம், பிள்ளை பதில் சொல்லட்டும் என்று. ரேடியோ கேள்வி கேட்கிறது, ஆயிரக்கணக்கான வீடுகளில் மழலைகள் "ம்" என்கின்றன. அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒன்றுகூடக் கேட்காது. ஆனாலும் காத்திருக்கிறார். ஒலிபரப்பில் மௌனம் என்பது எங்களுக்குப் பயம். இரண்டு விநாடி சத்தம் நின்றால் கை பட்டனைத் தேடும். ஒரு குழந்தையின் பதிலுக்காக வேண்டுமென்றே விடப்பட்ட மௌனத்தைப் பற்றிக் கேட்டபோது எனக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணம்கூட ஆகவில்லை. இன்றுவரை மறக்கவில்லை.

வீட்டுக்காரம்மாவுக்குச் சின்னப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் அந்தப் பதினைந்து நிமிடமும் உட்கார்ந்து கேட்டார். அப்போதுதான் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொள்வார்.

கதை முடிந்து இரண்டு மணிக்கு 'விமன்ஸ் ஹவர்'. 1946 அக்டோபரில் தொடங்கியபோது அதை நடத்தியவர் ஒரு ஆண், ஆலன் ஐவிமி என்று பெயர். கொஞ்ச நாளில் பெண்களே ஏற்றுக்கொண்டார்கள். ஏன் இரண்டு மணி? மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்து, குழந்தை தூங்குகிற நேரம், பள்ளி விட்டுப் பெரிய பிள்ளைகள் வருவதற்கு முன்னால். பெண்ணுக்குத் தனக்கென்று கிடைக்கும் ஒரே ஒரு மணி நேரம். அதைக் கணக்கிட்டு அங்கே வைத்தார்கள். தையல், சமையல் மட்டுமா பேசினார்கள்? வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய உடல் உபாதைகள், மாதவிடாய் நிற்கும் காலம் உட்பட, 1940-களின் கடைசியிலேயே அதில் வந்துவிட்டன. டீக்கான ரேஷன் அந்த வருஷம் அக்டோபரில்தான் நீங்கியிருந்தது. சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் இன்னும் ரேஷன்தான். இருப்பதை வைத்து எப்படிச் சமாளிப்பது என்ற பேச்சு வரும்போது வீட்டுக்காரம்மா ரேடியோவைப் பார்த்துப் பதில் பேசுவாராம். "அது சரிப்படாது, நான் செய்து பார்த்துவிட்டேன்" என்பாராம். அப்புறம் இவர் பக்கம் திரும்பி, உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பெரியவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ரசம் வைப்பது எப்படி என்று சொன்னார். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் உண்மையிலேயே பேசிக்கொண்டது அப்போதுதான் தொடங்கியது. பேச வைத்தது மூன்றாவது ஒரு குரல்.

அந்த நிகழ்ச்சி இன்றும் பிபிசி ரேடியோ 4-ல் காலை 10 மணிக்கு வருகிறது. நாளைக்கே திருப்பிப் பார்.

ஐந்து மணிக்கு 'சில்ரன்ஸ் ஹவர்'. நெடுங்காலம் அதை நடத்திய டெரிக் மெக்கல்லக் முதல் உலகப் போரில் ஒரு கண்ணையும் பிறகு ஒரு விபத்தில் ஒரு காலையும் இழந்தவர். பிள்ளைகள் அவரை அங்கிள் மேக் என்றுதான் அறிவார்கள். பெரியவர் லண்டன் போன சமயத்தில் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். "எங்கெங்கும் இருக்கும் குழந்தைகளே, குட்நைட்" என்பது அவர் விடைபெறும் சொல். போர்க்காலத்தில் நகரத்துப் பிள்ளைகளைக் குண்டுவீச்சுக்குப் பயந்து தூரத்துக் கிராமங்களுக்கு அனுப்பியிருந்தார்கள் அல்லவா? 'எங்கெங்கும்' என்ற அந்தச் சொல் தாய்மார்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

ஆறு மணிச் செய்தி. அதற்குப் பிறகு, ஆறே முக்காலுக்கு லைட்டில், நீ கேட்ட நாடகம்.

போர் முடிந்தும் உணவுப் பஞ்சம் தீரவில்லை. விளைச்சலைக் கூட்ட வேண்டும், விவசாயிகளுக்குப் புது முறைகளைச் சொல்ல வேண்டும். சொற்பொழிவாகச் சொன்னால் யார் கேட்பார்கள்? 1948-ல் பர்மிங்காமில் பிபிசிக்காரர்களும் விவசாயிகளும் உட்கார்ந்து பேசிய ஒரு கூட்டத்தில், ஹென்றி பர்ட் என்ற லிங்கன்ஷையர் விவசாயி எழுந்து, "நமக்கு வேண்டியது ஒரு விவசாய டிக் பார்ட்டன்" என்றார். டிக் பார்ட்டன் அந்தக் காலத்தில் தினமும் ஆறே முக்காலுக்கு நாட்டையே ரேடியோ முன்னால் கட்டிப்போட்ட துப்பறியும் தொடர். எல்லோரும் சிரித்தார்கள். காட்ஃப்ரி பேஸ்லி என்ற தயாரிப்பாளர் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டார். 1950-ல் உங்கள் மிட்லண்ட்ஸ் பகுதியில் மட்டும் ஒரு வாரம் ஒலிபரப்பிப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் நாடு முழுக்க. சில மாதத்தில் டிக் பார்ட்டனின் அந்த இடமே அதற்குக் கிடைத்துவிட்டது. ஆம்பிரிட்ஜ் என்று ஒரு கற்பனைக் கிராமம், டேன் ஆர்ச்சர், அவர் மனைவி டோரிஸ், அவர்கள் பிள்ளைகள். மாட்டு நோயும் உரமும் கதைக்குள் வந்துபோகும். விவசாய அமைச்சகம் தகவல் கொடுத்து உதவியது.

புகைமூட்டத்தின்போது லண்டனில் ஒரு பெரிய கால்நடைக் கண்காட்சிக்கு வந்திருந்த மாடுகள் மூச்சுத் திணறிச் செத்தன. பெரியவர் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்தச் செய்தியில் கலங்கிப் போய் உட்கார்ந்திருந்தவருக்கு, சற்று நேரத்தில் அதே பெட்டியிலிருந்து ஒரு மாட்டுத் தொழுவத்துச் சத்தம் கேட்டது. கறவைக்குரிய வாளிச் சத்தம், பசுவின் கனைப்பு. சொந்த ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது என்றார்.

அவர் ஊர் திரும்பிப் பல வருஷம் கழித்து, 1960-களில், நம் திருச்சி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பு ஆடுதுறை 27 என்ற புது நெல்லைப் பற்றி விடாமல் சொல்லிச் சொல்லி, தஞ்சை விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உன் தாத்தாவும் லால்குடியில் அதைத்தான் போட்டார். நம் வானொலியும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதானே. 1935-ல் பிபிசியிலிருந்து வந்த லயனல் ஃபீல்டன்தான் அடுத்த வருஷம் ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் வைத்தார். 1939 மே 16-ல் திருச்சி நிலையம் திறந்தார்கள். காலையில் பக்தி இசை, அப்புறம் செய்தி, மகளிர், சிறுவர், விவசாயி, கச்சேரி என்று ஒருவர் பின் ஒருவராக வரிசையில் உட்காரவைக்கும் பழக்கத்தின் வேர் அங்கேயும் இருக்கிறது.

ராத்திரி நகைச்சுவை நிகழ்ச்சிகள் வரும். 'எஜுகேட்டிங் ஆர்ச்சி' என்று ஒன்று, பொம்மையைப் பேசவைப்பவரின் நிகழ்ச்சி. உதடு அசையாமல் பேசுவதுதான் அந்தக் கலை. ரேடியோவில் உதட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் கோடிக்கு மேல் ஜனங்கள் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு அந்த மரப்பொம்மை உண்மையான பையன்தான். ஒன்பது மணிக்கு ஹோம் சர்வீஸில் பிக் பென் மணி அடித்துச் செய்தி. வீட்டுக்காரம்மா அதைக் கேட்டுவிட்டுப் படுக்கப் போனார். போகும் முன், வேண்டுமென்றால் கேட்டுக்கொண்டிருங்கள் என்று குமிழைக் காட்டிவிட்டுப் போனார்.

பெரியவர் தேர்ட் புரோகிராம் வைத்தார். மிகச் சிலரே கேட்ட ஒலிபரப்பு அது. ஆனால் ஃப்ரெட் ஹாய்ல் என்ற விஞ்ஞானி பிரபஞ்சத் தோற்றத்தைப் பற்றிப் பேசும்போது, தனக்கு உடன்பாடில்லாத ஒரு கொள்கையை 'பிக் பேங்' என்று முதன்முதலில் சொன்னது அதில்தான், 1949-ல். அந்த ராத்திரி நால்வர் வாசித்த தந்தி வாத்திய இசை. கச்சேரி முடிந்ததும் அவசரப்பட்டு அடுத்ததுக்குப் போகவில்லையாம். கொஞ்சம் அமைதியாக விட்டார்கள். வெளியே புகைமூட்டத்தில் ஊரே சத்தமில்லாமல் கிடந்தது. இரண்டு அமைதியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன என்றார்.

அப்புறம் லைட்டுக்குத் திருப்பினார். 1,500 மீட்டர் நீளலை, டிராய்ட்விச் என்ற ஊரில் ஒலிபரப்புக் கோபுரம். பர்மிங்காமிலிருந்து உனக்கு அது பக்கம்தான். குட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு நாள் போய்ப் பார்த்து எனக்குப் போட்டோ அனுப்பு. நீளலை வெகுதூரம் கடல் மேல் போகும் என்பதால் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை அதில்தான் வந்தது. டாகர், ஃபோர்டீஸ், ஃபாஸ்ட்நெட், ராக்கால் என்று கடற்பகுதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக, நிதானமாகப் படிப்பார்கள். அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கோ கும்மிருட்டில் படகில் இருக்கும் மீனவனுக்காகப் படிப்பது. ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் தூக்கம் வந்தது என்றார் பெரியவர்.

உன் அம்மாவிடம் நேற்று இதையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு ஒரு விஷயம் சொன்னாள், இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாதது. நீ பிறந்து மூன்று மாதத்தில் நாம் திருச்சிக்குத் தனிக்குடித்தனம் வந்தோம். எனக்கு விடிகாலை ஷிப்ட். நான்கரைக்குக் கிளம்பிவிடுவேன். அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு ரேடியோவைத் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருப்பாளாம். முதலில் வெறும் இரைச்சல். ஒலிபரப்பு தொடங்கும் முன் அந்த முகப்பு இசை வரும், உனக்கு நினைவிருக்கும், தம்புராவும் வயலினுமாக. "அது கேட்டாத்தான் நீங்க போய்ச் சேந்துட்டீங்கன்னு தெரியும். அப்புறம் ராத்திரி நீங்க வீட்டுக்கு வர்ற வரைக்கும் அத அணைக்கவே மாட்டேன். பாஷை தெரியாத செய்தி வந்தாலும் ஓடட்டும்னு விட்டுடுவேன்" என்றாள். நான் அந்த ரேடியோவில் பேசவே இல்லை, நிலையத்தில் இயந்திரத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அவளைப் பொறுத்தவரை நான் நாள் பூராவும் வீட்டில்தான் இருந்திருக்கிறேன். அவளோ ஒரு குழந்தையோடு தனியாக இருந்திருக்கிறாள். அதை நான் அன்று கேட்கவில்லை. நீ புதன்கிழமை சொன்னபோதுதான் இரண்டு தடவையும் சேர்த்துக் கேட்டது.

அதனால் இரண்டு காரியம் செய்திருக்கிறேன். ஒன்று, மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன். ஒரு சின்ன ரேடியோ வாங்கிச் சமையலறையில் வைப்பார். போனில் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லாதே. போனை எடுத்தால் நீ தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிடுவாய். அது பாட்டுக்குப் பேசட்டும். புரியாத தோட்டக்கலை, தெரியாத ஊர் அரசியல், எதுவாக இருந்தாலும் ஓடட்டும்.

இன்னொன்று, உனக்கு மதியம் 1:45 என்றால் இங்கே ராத்திரி 7:15. விளக்கேற்றி, அம்மா சீரியல் பார்க்க உட்காரும் நேரம். திங்கட்கிழமையிலிருந்து அந்த நேரத்துக்கு உன் போன் அடிக்கும். எடுத்து ஸ்பீக்கரில் போட்டு குட்டி பக்கத்தில் வைத்துவிடு. அவளுக்குப் புரியாது என்று சொல்லாதே, நாலு மாதக் குழந்தைக்குக் குரல் போதும். முதல் வாரம் காக்காவும் நரியும், அப்புறம் என் அம்மா எனக்குச் சொன்ன கதைகள். ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கிவிட்டேன். அவள் "ங்கா" என்று சொல்ல இடைவெளி விட்டுத்தான் சொல்வேன். பதினைந்து நிமிடம் அவள் என் பொறுப்பு. நீ சோற்றைச் சூடாகத் தட்டில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடு.

அன்புடன்,
அப்பா